சோர்ந்த உள்ளங்களுக்கு இறைவார்த்தை
அன்றாடப் போராட்டங்களில் ஊக்கம் பெறும் வழிகள்



ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது நாம் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கிறோம். "ஆண்டவர் புண்ணியத்துல ஏதோ ஓடுது" என்பதே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் பதில். அந்த 'ஏதோ' என்ற சொல்லுக்குள் எத்தனை சுமைகள்! கட்ட வேண்டிய தவணை, நின்றுபோன வேலை, மாத்திரைச் செலவு, பேசாமல் இருக்கும் மகன், குடித்துவிட்டு வரும் கணவர். இவற்றை எல்லாம் யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டுதான் நம்மில் பலர் பீடத்தின் முன் முழந்தாளிடுகிறோம்.

இத்தகைய வேளைகளில் நம் விசுவாசம் நமக்கு என்ன தருகிறது? திருவிவிலியத்தைத் திறந்தால் உண்மையிலேயே ஊக்கம் கிடைக்குமா? எந்தப் பகுதியைத் திறப்பது, எப்படி வாசிப்பது? இவற்றைப் பற்றி இக்கட்டுரையில் சேர்ந்து சிந்திப்போம்.

நம் பகுதியும் நம் சுமைகளும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்கள் உழைப்பாளர்களின் ஊர்கள். 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை உருவானது. அதே காலத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டு, 1965 ஆம் ஆண்டு முதல் 'விஜயந்தா' டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. வேலை தேடித் தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் இங்கே வேர்விட்டன. சொந்த ஊரின் புனிதர் படத்தையும் செபமாலையையும் கையோடு கொண்டு வந்த கத்தோலிக்கக் குடும்பங்களும் அவற்றுள் இருந்தன. பூந்தமல்லியிலோ 1936 ஆம் ஆண்டு முதல் திருஇருதயக் குருமடம் குருக்களை உருவாக்கி வருகிறது. உழைப்பும் செபமும் அருகருகே வாழும் பகுதி நம்முடையது.

ஆனால் உழைப்பவனின் வாழ்வு எப்போதும் உறுதியானதாக இருப்பதில்லை. ஒரு தலைமுறைக்கு நிரந்தர வேலை கிடைத்தது. அவர்களுடைய பிள்ளைகளில் பலருக்கு ஒப்பந்த வேலைதான் கிடைக்கிறது. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது லேத் பட்டறைகளும் சிறு தொழிற்கூடங்களும் ஒரே நாளில் அமைதியாயின. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, அதன் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆவடியில் பல குடும்பங்கள், "இனி நம் நிலை என்ன?" என்ற கேள்வியோடு உறங்கச் சென்றன. 2015 டிசம்பரில் பெருவெள்ளத்தைக் கண்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீரில் நின்ற இயந்திரத்துக்கும் வங்கித் தவணை உண்டு. அதை நம்பி வேலைக்கு வந்தவருக்கும் வீட்டு வாடகை உண்டு.

இவை செய்தித்தாளில் வந்த சுமைகள். வராத சுமைகள் இன்னும் அதிகம். அதிகாலை மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும் தாய்க்குத் தன் பிள்ளை காலையில் சாப்பிட்டதா என்பதே கவலை. இரவு ஷிப்டு முடித்துவரும் தந்தைக்குப் பிள்ளையோடு பேசவே நேரம் வாய்ப்பதில்லை. இந்தச் சின்னச் சின்னச் சோர்வுகள்தாம் நாளடைவில் மனிதரை உள்ளிருந்தே அரித்துவிடுகின்றன.

விவிலியத்தில் சோர்ந்தவர்கள்

"நம்பிக்கை உள்ளவன் சோர்ந்து போகலாமா?" என்று சிலர் கேட்பார்கள். இப்படிக் கேட்பவர்கள் திருவிவிலியத்தை முழுமையாக வாசிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். கடவுளுக்கு மிக நெருக்கமாக வாழ்ந்தவர்களே அங்கு சோர்ந்து விழுகிறார்கள்.

மோசே மக்களின் முணுமுணுப்பைத் தாங்க முடியாமல், இந்தச் சுமையை என்னால் தனியே சுமக்க இயலாது, அதைவிட என் உயிரை எடுத்துவிடும் என்று ஆண்டவரிடமே சொல்கிறார் (எண் 11:10-17). எலியா பாலைநிலத்தில் சூரைச்செடியின் அடியில் படுத்துக்கொண்டு சாவை வேண்டுகிறார் (1 அர 19:1-8). எரேமியா தாம் பிறந்த நாளையே சபிக்கிறார் (எரே 20:14-18). பார்வையிழந்த தோபித்தும், உறவினரின் ஊரில் இருந்த சாராவும், ஒருவரையொருவர் அறியாமலேயே ஒரே நாளில் தங்கள் வாழ்வு முடியட்டும் என்று மன்றாடுகிறார்கள் (தோபி 3). திருத்தூதர் பவுலும், ஆசியாவில் தமக்கு நேர்ந்த துன்பத்தில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதை ஒளிக்காமல் எழுதுகிறார் (2 கொரி 1:8). இறுதியாக, இறைமகன் இயேசுவே கெத்சமனித் தோட்டத்தில் திகிலுற்று, தம் நண்பர்களிடம் விழித்திருக்கும்படி கேட்கிறார் (மாற் 14:32-42).

கடவுள் இவர்களை எப்படி நடத்தினார் என்பதைக் கவனியுங்கள். எலியாவுக்கு அவர் உடனே அறிவுரை சொல்லவில்லை. முதலில் தூங்க விடுகிறார். வானதூதர் தொட்டு எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். மீண்டும் தூங்க விடுகிறார், மீண்டும் உணவு தருகிறார். அதன் பிறகுதான் பயணம், அதன் பிறகுதான் மலையில் அந்த மெல்லிய ஒலி. எலிசா என்ற துணையையும் பிறகே தருகிறார். மோசேக்கும் அப்படித்தான். சுமையைப் பகிர்ந்துகொள்ள எழுபது மூப்பர்களைத் தருகிறார். தோட்டத்தில் இரத்த வியர்வை வியர்த்த இயேசுவுக்கு வலுவூட்ட ஒரு வானதூதர் வருகிறார் (லூக் 22:43). துன்பக் கிண்ணம் அகலவில்லை. ஆனால் அதை ஏற்கும் வலிமை கிடைக்கிறது.

ஆகவே சோர்வு பாவமல்ல. சோர்ந்தவரைக் கடவுள் கடிந்துகொள்வதும் இல்லை. உணவு, உறக்கம், உடன் நடக்க ஓர் ஆள், பிறகு வார்த்தை. இதுவே இறைவன் ஊக்கம் தரும் ஒழுங்கு.

யோபுவின் கதையைக் கேட்ட நம் மண்ணின் புனிதர்

இறைவார்த்தை சோர்ந்த ஒருவரை எப்படித் தூக்கி நிறுத்தும் என்பதற்கு நம் தமிழ் மண்ணிலேயே சிறந்த சான்று உண்டு. அவரே புனித தேவசகாயம்.

1712 ஆம் ஆண்டு இன்றைய குமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவலராக இருந்தார். ஒரு கட்டத்தில் அவருடைய குடும்பத்தில் இழப்பு மேல் இழப்பு. கால்நடைகள் மடிந்தன, உடைமைகளும் போயின. மனம் உடைந்திருந்த அவரிடம் காரணம் விசாரித்தவர் டிலனாய் என்ற படைத்தலைவர். 1741 ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அதே திருவிதாங்கூர் அரசனின் படைக்குப் பயிற்சி அளித்த டச்சுப் படைவீரர் அவர். கத்தோலிக்கரான டிலனாய், நீலகண்ட பிள்ளைக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கதை சொன்னவர் குருவோ துறவியோ அல்லர். வேலையிடத்தில் அறிமுகமான ஒரு பொதுநிலையினர், அதுவும் தோல்வியையும் சிறைப்படுதலையும் தாமே அனுபவித்தவர். இரண்டாவது, அவர் தேர்ந்துகொண்டது எளிதான கதை அல்ல. எல்லாவற்றையும் இழந்த நல்லவன் ஒருவன் கடவுளிடம் "ஏன்?" என்று கேட்ட கதை. அந்தக் கதைதான் நீலகண்ட பிள்ளையின் உள்ளத்தைத் தொட்டது.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். 'இலாசர்' என்னும் பெயரே தமிழில் தேவசகாயம் ஆனது. அவருடைய துணைவி பார்கவி அம்மாள் ஞானப்பூ ஆனார். அதன் பின் துன்பங்கள் விலகிவிட்டனவா? இல்லை. 1749 ஆம் ஆண்டு கைது செய்யப்பட்டு, எருமையின் மேல் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டு, மூன்று ஆண்டுகள் சித்திரவதைகளை அனுபவித்தார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார்.

கால்நடைகளை இழந்தபோது கலங்கிய அதே மனிதர், உயிரையே இழக்கும் வேளையில் கலங்கவில்லை. யோபுவின் கதை அவருக்கு இழந்த உடைமைகளைத் திருப்பித் தரவில்லை. இழப்பைத் தாங்கும் உள்ளத்தைத் தந்தது. இந்த வேறுபாட்டை நாம் புரிந்துகொண்டால், விவிலியத்தில் எதைத் தேட வேண்டும் என்பதும் புரியும்.

எது ஊக்கம்? எது ஊக்கம் அல்ல?

"விசுவாசித்தால் கடன் தீரும், செபித்தால் நோய் பறக்கும், காணிக்கை கொடுத்தால் இரட்டிப்பாகக் கிடைக்கும்" என்ற குரல்கள் நம் பகுதியிலும் ஒலிக்கின்றன. துன்பத்தில் இருப்பவருக்கு இவை இனிக்கும். ஆனால் வேண்டியது கிடைக்காதபோது, "என் விசுவாசம் போதவில்லையோ" என்ற குற்ற உணர்வு இரண்டாம் சுமையாக வந்து சேரும். ஏற்கெனவே விழுந்தவரை இது மேலும் மிதிப்பதாகும்.

யோபுவின் நண்பர்கள் செய்தது இதைத்தான். முதல் ஏழு நாளும் அவர்கள் அவரோடு தரையில் அமர்ந்து வாய் திறவாமல் இருந்தார்கள் (யோபு 2:11-13). அது உண்மையான ஆறுதல். வாய் திறந்த பிறகோ, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இப்படி என்று வாதிடத் தொடங்கினார்கள். நூலின் இறுதியில் கடவுள் அந்த நண்பர்கள் மீதே சினம் கொள்கிறார் (யோபு 42:7). கேள்வி கேட்ட யோபுவின் மீது அல்ல! ஒரு வீட்டில் நோயோ சாவோ நேர்ந்தால் ஆறுதல் சொல்லச் செல்லும் நாம் ஒவ்வொருவரும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பவுலும் தம் உடலில் தைத்த முள் போன்ற துன்பம் நீங்க மூன்று முறை மன்றாடினார். அது நீங்கவில்லை. வலுவின்மையில் இறைவனின் வல்லமை வெளிப்படும் என்ற உறுதியே பதிலாகக் கிடைத்தது (2 கொரி 12:7-10). திருப்பாடல் 88 ஒரு நம்பிக்கைச் சொல்லும் இன்றி இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட பாடலையும் திருச்சபை தன் செபப் புத்தகத்தில் வைத்துக் காத்துவருகிறது. அழுகையும் செபமே என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

எனவே விசுவாசம் தரும் ஊக்கத்தை இப்படிச் சுருக்கலாம்: துன்பம் இல்லை என்று அது சொல்வதில்லை. துன்பத்துக்கு நீயே காரணம் என்றும் சொல்வதில்லை. துன்பத்தில் நீ தனியாக இல்லை என்றே சொல்கிறது.

எந்த வேளையில் எந்தப் பகுதி?

நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் சில சூழல்களையும், அவற்றுக்குத் துணைநிற்கும் விவிலியப் பகுதிகளையும் இங்கே தருகிறோம். அவசரமின்றி, ஒரு நாளுக்கு ஒன்றாக வாசிக்கலாம்.

வேலை இல்லாதபோது: மத் 20:1-16. மாலை ஐந்து மணி வரை சந்தைவெளியில் நின்ற கூலியாட்களைப் பாருங்கள். யாரும் தங்களை வேலைக்கு அமர்த்தவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். தோட்ட உரிமையாளர் அவர்களுக்கும் அன்றைய உணவுக்கான முழுக் கூலியைத் தருகிறார். மனிதரின் மதிப்பு அவர் வேலை செய்த மணிக்கணக்கில் இல்லை. கூலி மறுக்கப்பட்டவர்கள் யாக் 5:1-6 பகுதியையும் வாசிக்க வேண்டும். பிடித்துவைத்த கூலியின் கூக்குரல் ஆண்டவரின் செவியை எட்டுகிறது என்பது அதன் செய்தி.

கடன் நெருக்கும்போது: 2 அர 4:1-7. கணவனை இழந்த பெண்ணின் இரு பிள்ளைகளையும் அடிமைகளாக்கக் கடன்காரன் வருகிறான். எலிசா அவரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு கலயம் எண்ணெய் இருக்கிறது. பக்கத்து வீடுகளில் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறார். இந்தப் புதுமையில் அக்கம்பக்கத்தாருக்கும் பங்கு உண்டு. கடனை மறைக்காமல் பேசியதிலிருந்துதான் அந்தப் பெண்ணின் விடுதலை தொடங்கியது.

கணவன் மனைவிக்கிடையே பூசல் வரும்போது: தோபி 2:11-14. தோபித்து பார்வையிழந்து வீட்டில் இருக்க, மனைவி அன்னா கூலிக்கு நெசவு செய்து குடும்பத்தைக் காக்கிறார். ஒருநாள் கூலியோடு ஆட்டுக்குட்டி ஒன்றும் அன்பளிப்பாகக் கிடைக்க, தோபித்து அதைத் திருட்டு என்று சந்தேகிக்கிறார். சொல் முற்றுகிறது. வேலையிழந்த ஆண்மகனின் தாழ்வு மனப்பான்மையும், ஓடி ஓடி உழைக்கும் பெண்ணின் ஆதங்கமும் நம் வீடுகளில் நடப்பது போலவே இருக்கிறது அல்லவா? அந்தக் குடும்பத்தைத்தான் இறைவன் குணமாக்கினார்.

நோயின்போது: திபா 41, சீரா 38:1-15. செபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும் என்று சீராக் தெளிவாகக் கற்பிக்கிறார். மருத்துவரைப் படைத்தவரும் ஆண்டவரே.

பிள்ளைகள் வழிதவறும்போது: லூக் 15:11-32. தந்தை மகனைக் கட்டிவைக்கவில்லை, கதவை அடைக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

தேர்வில் தோல்வி, முயற்சியில் தோல்வி: லூக் 5:1-11, யோவா 21:1-14. இரவு முழுவதும் வலைவீசியும் ஒன்றும் கிடைக்காத அதே மனிதர்களை அதே கரையில்தான் ஆண்டவர் சந்தித்தார்.

நெருங்கியவர் இறந்தபோது: யோவா 11:17-44; 1 தெச 4:13-18. இலாசரை உயிர்ப்பிக்கப்போகும் இயேசுவே கல்லறைக்கு முன் கண்ணீர் விட்டார்.

நம்பிக்கையே தளரும்போது: யோவா 20:24-29. சின்னமலையிலும் பரங்கிமலையிலும் நாம் வணங்கும் திருத்தூதர் தோமாவின் ஐயத்தை இயேசு வெறுத்து ஒதுக்கவில்லை. காயங்களைக் காட்டி அருகே அழைத்தார்.

காரணமே தெரியாமல் மனம் கனக்கும்போது: திபா 13, 42, 130, உரோ 8:26-27. சொல்ல வார்த்தையில்லாதபோது தூய ஆவியாரே நமக்காகப் பரிந்து பேசுகிறார்.

எப்படி வாசிப்பது?

கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, விழுந்த வசனத்தைக் குறிசொல்லாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது வாசிப்பு ஆகாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் கீகோ என்ற துறவி, இறைவார்த்தையைச் செபத்தோடு வாசிக்க நான்கு படிகளைக் கற்பித்தார். மெதுவாக வாசித்தல், வாசித்ததை மனத்தில் அசைபோடுதல், அதைக் கொண்டு இறைவனோடு பேசுதல், பிறகு பேச்சின்றி அவர் முன் அமர்ந்திருத்தல். இதற்குப் பதினைந்து நிமிடம் போதும். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயே செய்யலாம். 1995 ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு எளிய தமிழில் நம் கையில் இருக்கிறது. அலமாரியில் பூப்போட்டு வைப்பதற்காக அது அச்சிடப்படவில்லை.

தனியே வாசிப்பதைவிடச் சேர்ந்து வாசிப்பது இன்னும் பலன் தரும். அதற்காகவே நம் பங்குகளில் அன்பியங்கள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் லும்கோ மையத்தில் உருவாகி, உலகெங்கும் பரவிய ஏழு படிநிலைப் பகிர்வு அன்பியக் கூட்டங்களுக்கு மிகவும் ஏற்றது:

1. ஆண்டவரை நம் நடுவே அழைத்தல்.
2. பகுதியை ஒருவர் வாசித்தல்.
3. மனத்தைத் தொட்ட சொல்லை ஒவ்வொருவரும் உரக்கச் சொல்லி அதில் தங்குதல்.
4. சில நிமிடங்கள் அமைதி.
5. உள்ளத்தில் எழுந்ததைப் பகிர்தல்.
6. நம் தெருவில் இந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானித்தல்.
7. சொந்த வார்த்தைகளில் மன்றாடுதல்.

இவற்றுள் ஐந்தாம் படியில் ஒரு கட்டுப்பாடு தேவை. பகிர்கிறவரை யாரும் திருத்தக்கூடாது, அவருக்கு உபதேசமும் செய்யக்கூடாது. அங்கே சொன்னது அந்த வீட்டு வாசலைத் தாண்டவும் கூடாது. இந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் யாரும் தம் கடனைப் பற்றியோ கண்ணீரைப் பற்றியோ பேச மாட்டார்கள். ஆறாம் படியோ பல அன்பியங்களில் விடுபட்டுவிடுகிறது. பாட்டும் செபமும் தேநீருமாகக் கூட்டம் முடிந்துவிடுகிறது. ஆறாம் படி இல்லாத பகிர்வு, விதைத்துவிட்டுத் தண்ணீர் விடாத வயல்.

ஊக்கம் கைகால் முளைக்கும்போது

எருசலேம் சமூகத்தில் யோசேப்பு என்ற ஒருவருக்குத் திருத்தூதர்கள் பர்னபா என்று பெயரிட்டார்கள். ஊக்கம் அளிப்பவர் என்பது அதன் பொருள் (திப 4:36-37). அவர் தம் நிலத்தை விற்றுப் பணத்தைச் சமூகத்திடம் கொடுத்தார். எல்லாரும் பவுலைக் கண்டு அஞ்சியபோது அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தார் (திப 9:26-27). பாதியில் திரும்பிப்போன மாற்குவுக்கு இரண்டாம் வாய்ப்புக் கொடுத்தார் (திப 15:37-39). பர்னபாவின் ஊக்கத்தில் பேச்சு குறைவு, செயல் அதிகம். ஒவ்வொரு அன்பியத்துக்கும் ஒரு பர்னபா வேண்டும்.

1833 ஆம் ஆண்டு பாரிசில் பிரடெரிக் ஓசானாம் என்ற இளைஞர் தம் நண்பர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளை அவர்களுடைய வீட்டுக்கே சென்று சந்திப்பதைத் தன் முதல் பணியாகக் கொண்டது. அச்சபையின் கிளைகள் நம் பங்குகளிலும் இயங்குகின்றன. உதவி தேவைப்படுவோர் தயங்காமல் பங்குத்தந்தையையோ சபை உறுப்பினரையோ அணுகலாம். கேட்பது அவமானம் அல்ல. அந்தக் கைம்பெண்ணும் பாத்திரம் கேட்டுத்தான் வீடு வீடாகப் போனார்.

விசுவாசம் நம்மை மற்ற உதவிகளிலிருந்து விலக்குவதும் இல்லை. அநியாய வட்டியால் துன்புறுவோரைக் காக்க, மிகை வட்டி வசூலைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது விசுவாசக் குறைவு ஆகாது. அவ்வாறே மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால், உறக்கம் கெட்டால், சாவைப் பற்றிய எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், அதைச் செபத்தால் மட்டும் சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். எலியாவுக்கு அப்பம் கொண்டுவந்த வானதூதர் இன்று ஒரு மருத்துவரின் உருவிலும் வரலாம்.

சிறைக்குள்ளும் ஒரு நற்செய்தி

நம்மைவிடக் கடுமையான இருளில் இந்த ஊக்கத்தைக் கண்டுபிடித்த ஒருவரையும் நினைத்துப் பார்ப்போம். வியட்நாம் நாட்டுப் பேராயர் வான் துவான், சைகோனுக்கு நியமிக்கப்பட்ட சில மாதங்களிலேயே, 1975 ஆகஸ்டு 15 அன்று, மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவன்று கைது செய்யப்பட்டார். பதின்மூன்று ஆண்டுகள் சிறையும் காவலும். அவற்றுள் ஒன்பது ஆண்டுகள் தனிமைச் சிறை. விடுதலை எப்போது என்று காத்திருந்தே காலத்தைக் கழிப்பதில்லை, இன்றைய பொழுதை அன்பால் நிரப்புவது என்று அவர் முடிவு செய்தார். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் தம் மக்களுக்கு நம்பிக்கைச் செய்திகளை எழுதி, ஒரு சிறுவன் வழியாக வெளியே அனுப்பினார். வயிற்று வலிக்கு மருந்து என்ற பெயரில் வந்த திராட்சை இரசத்தில் மூன்று துளி, தண்ணீர் ஒரு துளி. உள்ளங்கையே பீடமாக அவர் திருப்பலி நிறைவேற்றினார். 1988 இல் விடுதலையாகி, 2001 இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டு, 2002 இல் இறைவனடி சேர்ந்தார்.

நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதும் அளவுக்காவது நம் எல்லாரிடமும் ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது. அதில்தான் இறைவன் தொடங்குகிறார்.

எம்மாவு வழியில் நாம்

எருசலேமிலிருந்து எம்மாவு ஏறத்தாழ பதினொரு கிலோமீட்டர். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை நடப்பது போன்ற தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். நம்பிக்கை இழந்த சீடர் இருவர் அவ்வழியே நடக்கிறார்கள் (லூக் 24:13-35). இயேசு அவர்களை வழிமறிக்கவில்லை, கூடவே நடக்கிறார். முதலில் அவர்களைப் பேசவிட்டுக் கேட்கிறார். பிறகு மறைநூலை விளக்குகிறார். பிறகு அவர்களுடன் பந்தியில் அமர்ந்து அப்பம் பிட்கிறார். கேட்பது, வார்த்தை, அப்பம் என்ற இதே வரிசையைத்தான் நாம் ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலியில் காண்கிறோம். கண் திறந்த சீடர்கள் அந்த இரவிலேயே அதே பதினொரு கிலோமீட்டரையும் திரும்ப நடக்கிறார்கள். பாதையின் தூரம் குறையவில்லை. அவர்களது நடை மாறிவிட்டது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஆம் ஆண்டை எதிர்நோக்கின் யூபிலி ஆண்டாக அறிவித்தபோது, உரோமையர் 5:5 பகுதியையே அதன் அடித்தளமாகக் கொண்டார். அந்த எதிர்நோக்கு நம்மை ஏமாற்றாது என்பதே அதன் சாரம். யூபிலியின் கதவுகள் மூடலாம். எதிர்நோக்கின் கதவு மூடுவதில்லை. துன்பத்தில் நாம் பெற்ற ஆறுதல், துன்புறும் மற்றவருக்கு நாம் கொடுப்பதற்காகவே தரப்படுகிறது என்று பவுல் கற்பிக்கிறார் (2 கொரி 1:3-7). டிலனாய் ஒரு கதை சொன்னார், நமக்கு ஒரு புனிதர் கிடைத்தார். உங்கள் தொழிற்கூடத்தில், உங்கள் மாடிப்படியில், உங்கள் ரயில் பெட்டியில் இன்று யாருக்கு யோபுவின் கதை தேவைப்படுகிறது?

சிந்தனைக்கு

1. என் சோர்வை இறைவனிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறேனா?
2. துன்பத்தில் இருப்பவரிடம் நான் யோபுவின் நண்பர்களைப் போலப் பேசுகிறேனா, பர்னபாவைப் போலச் செயல்படுகிறேனா?
3. எங்கள் அன்பியத்தில் ஒரு குடும்பம் தன் கடனையும் கண்ணீரையும் அச்சமின்றிப் பகிர முடிகிறதா?

செபம்

அன்பு இறைவா, எலியாவுக்கு உணவளித்த நீர் எங்கள் இல்லங்களையும் கண்ணோக்கும். வேலை தேடி அலைவோரின் கால்களுக்கு வலிமை தாரும். கடனால் கலங்குவோருக்கு நல்ல அயலாரைத் தாரும். நோயாளருக்கு நல்ல மருத்துவரையும், அழுவோருக்குச் செவிகொடுக்கும் நண்பரையும் தாரும். உம் வார்த்தையை நாங்கள் வாசித்து, அதை ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்லி, ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்கி வாழ வரம் அருளும். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.